நிலுவையில் உள்ள வழக்கு வேலைக்கான சரிபார்ப்பில் தெரியவருமா?

நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு ஊர்த் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்கிடையே நடந்த கைகலப்பில் ஏழு பேர் மீது எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. அதில் ஐந்தாவது பெயர் இவருடையது. அன்று மாலையே ஸ்டேஷன் பெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ ஒரு தாளும் வரவில்லை. இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறார், பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். முடியாமல் கிடக்கும் இந்த வழக்கு சரிபார்ப்பில் தெரியுமா, தெரிந்தால் வேலை போய்விடுமா, படிவத்தில் ‘வழக்கு ஏதும் இல்லை’ என்று எழுதிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடலூர் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் இதே கேள்வியை ஒவ்வொரு ஆள்சேர்ப்புக் காலத்திலும் கேட்டுவருகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள் பலர். ஆகவே நேரடியாகவே சொல்கிறேன். தெரியவரும் என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஒவ்வோர் அடியையும் எடுத்துவைக்க வேண்டும். எல்லா இடத்திலும், எல்லாத் தேடலிலும் அது தெரியும் என்று சொல்ல முடியாது. யார் தேடுகிறார்கள், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே அது அமையும். ஆனால் என் அனுபவத்தில் இளைஞர்களுக்கு வேலை போனது வழக்கினால் என்பதைவிட, படிவத்தில் அவர்கள் எழுதிய ஒற்றைச் சொல்லால் என்பதே அதிகம்.

முதலில் ‘வழக்கு’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாவற்றையும் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். புகார் கொடுத்தவருக்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு ஆகாது. அது மனு பெறப்பட்டதற்கான பதிவு மட்டுமே. கோட்டாட்சியர் முன்பு நடக்கும் ‘நூற்று ஏழு’ நடவடிக்கை, அதாவது அமைதி காக்கப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் நடவடிக்கை, குற்றம் செய்ததாகச் சொல்லும் வழக்கு அல்ல. வராமல் தடுப்பதற்கான நடவடிக்கை. எஃப்.ஐ.ஆர். என்பது விசாரணையின் தொடக்கம். அந்த விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதித்துறை நடுவர் அதைக் கோப்பில் எடுத்து சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் நீதிமன்ற வழக்கு எண் கொடுத்த பிறகுதான் ‘நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு’ என்று அதைச் சட்டப்படி சொல்ல முடியும். இடையில், விசாரணையில் ஒன்றும் இல்லை என்று கண்டு ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’, அதாவது பொருண்மைப் பிழை, என்றோ ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்றோ காவல் துறையே முடித்துவிடுவதும் உண்டு. இந்த வேறுபாடு ஒவ்வொன்றும் பின்னால் படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பும்போது உயிர்நிலையாக வந்து நிற்கும்.

தாள் ஏதும் வரவில்லை என்பதால் வழக்கு அழிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் பழைய முகவரிக்குப் போய், ‘நபர் ஊரில் இல்லை’ என்று திரும்பி, அடுத்தடுத்த வாய்தாக்களில் பிடியாணை வரை போயிருக்கும் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சென்னையிலோ ஓசூரிலோ அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையனுக்கு அது தெரியவே தெரியாது.

இனித் தேடுபவர்களுக்கு வருகிறேன். தனியார் நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை அதற்கென்றே உள்ள வேறு நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. அந்த நிறுவனங்களுக்குக் காவல் துறையின் உள் பதிவேடுகளைத் திறந்து பார்க்கும் உரிமை கிடையாது. அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது யாரும் பார்க்கக்கூடிய நீதிமன்றத் தரவைத்தான். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, தரப்பினர் பெயரையும் ஆண்டையும் இட்டால் வழக்குகளின் பட்டியல் வரும். காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் இட்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்கத் தனி அடையாள எண் உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது, அனுமதியும் வேண்டியதில்லை. ஆக, வழக்கு கோப்பில் எடுக்கப்பட்டிருந்தால் அது அங்கே இருக்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது இன்னொன்று உண்டு. குற்றப்பத்திரிகை வராத நிலையிலும் உங்கள் பெயர் நீதிமன்றத் தரவில் ஏறியிருக்கலாம். முன்ஜாமீன் கேட்டு அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போட்டிருந்தால் அந்த மனுவுக்கு ஓர் எண் உண்டு, மனுதாரர் என்று உங்கள் பெயர் உண்டு, உத்தரவில் குற்ற எண்ணும் பிரிவுகளும் முழுமையாக உண்டு. அந்த உத்தரவைத் தனியார் சட்டத் தளங்கள் எடுத்துப் போட்டுவிட்டால் கூகுளில் உங்கள் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கும் இதே நிலைதான். எஃப்.ஐ.ஆரையேகூட எவரும் பார்க்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள், இணைய வசதி தடைபட்ட இடங்களில் 72 மணி நேரத்துக்குள், அதைக் காவல் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண் தெரிந்தால் உங்கள் எஃப்.ஐ.ஆரைப் பார்க்க முடியும்.

நம் பெயர் முறை இதில் உண்டாக்கும் குழப்பம் தனி. சென்ற ஆண்டு என்னிடம் வழக்கை ஒப்படைத்த ஒரு கட்சிக்காரர் முன்னிலையிலேயே தேடிப் பார்த்தேன். தந்தை பெயரின் முதல் எழுத்தும் தன் பெயருமாக அவர் சான்றிதழில் இருப்பது ஒரு விதம், எஃப்.ஐ.ஆரில் ‘த/பெ’ என்று போட்டு முழுத் தந்தை பெயரோடு எழுதியிருப்பது இன்னொரு விதம். நீதிமன்றத் தரவில் ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது ஓர் எழுத்து கூடியிருப்பது மூன்றாவது விதம். அவருடைய பெயரை இட்டபோது அவருடைய வழக்கு வரவில்லை. பண்ருட்டிப் பக்கத்தைச் சேர்ந்த, அதே பெயருள்ள வேறு ஒருவரின் அடிதடி வழக்கு வந்தது. ‘வழக்கு உள்ளது’ என்று சரிபார்ப்பு நிறுவனம் அறிக்கை கொடுத்திருந்தது அந்த வேறு ஒருவரின் வழக்கை வைத்துத்தான். தந்தை பெயர், வயது, முகவரி மூன்றும் பொருந்தவில்லை என்று அந்த வழக்கின் குற்றப்பத்திரிகை நகலை இணைத்து எழுதிக் கொடுத்தோம், திருத்திக்கொண்டார்கள். ஆகவே சரிபார்ப்பில் உங்கள் பெயருக்கு எதிராக ஏதேனும் வந்தால் எந்த நீதிமன்றம், எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் ஒத்துப்போவது மட்டும் ஆளைக் காட்டாது. அதே நேரத்தில், எழுத்து மாறியிருப்பதால் நம் வழக்கு யார் கண்ணிலும் படாது என்று நம்பி இருந்துவிடவும் கூடாது. குற்ற எண்ணை வைத்துத் தேடினால் எழுத்துப் பிழை ஒன்றும் மறைக்காது.

காவல் துறையே செய்யும் சரிபார்ப்பு இதைவிட ஆழமானது. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உங்கள் வீடு எந்த நிலைய எல்லைக்குள் வருகிறதோ அந்த நிலையத்திலிருந்து ஆள் வருவார். தனிப்பிரிவுக் காவலர் ஊரில் விசாரிப்பார். நிலையப் பதிவேடுகளைப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே நிற்கும் வழக்கு, குற்றப்பத்திரிகை ஆன வழக்கு, விடுதலையான வழக்கு எல்லாமே அங்கே இருக்கும். தனியார் நிறுவனங்கள் சில, காவல் துறையின் இணையவழிச் சரிபார்ப்பு அறிக்கையை விண்ணப்பதாரரே வாங்கித் தரும்படி கேட்கின்றன. அப்படிக் கேட்டால் தனியார் வேலைக்கும் காவல் துறைப் பதிவுதான் அளவுகோலாகிவிடும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு நம்பிக்கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு காவல் துறைகள். ஒன்று மாநிலம், மற்றொன்று யூனியன் பிரதேசம். ஆகவே இந்தப் பக்கத்து வழக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் அங்கே முள்ளோடையில் வாங்கிய மது பாட்டில்களோடு எல்லை தாண்டிக் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு கடலூரில் பதிவாகும், நடப்பதும் கடலூர் நீதிமன்றத்தில்தான். பாகூர் நிலையப் பதிவேட்டில் அது இருக்காது என்பது உண்மையே. ஆனால் நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்க 2009இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பில் இரண்டு பக்கத்துப் பதிவுகளும் ஏறுகின்றன. இ-கோர்ட்ஸ் தளமும் இரண்டுக்கும் பொதுவானது. இரண்டு இடத்து நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. தென்பெண்ணையாற்றைத் தாண்டினால் பதிவு தொடராது என்பது பழைய கணக்கு. அதை வைத்துப் படிவத்தை நிரப்பக் கூடாது.

படிவத்தைப் பற்றி இனி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேள்வியின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகனுக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தேர்வாகிப் பயிற்சியும் தொடங்கிவிட்டது. கல்லூரியில் படித்தபோது ஒரு மறியலில் கலந்துகொண்டதற்காக ஐம்பது பேரோடு சேர்த்து இவர் மீதும் எஃப்.ஐ.ஆர். இருந்தது. படிவத்தில் ‘உம்மீது எப்போதாவது எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யப்பட்டதுண்டா’ என்று தனியாக ஒரு கட்டம். அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். சரிபார்ப்பில் தெரியவந்து, உண்மையை மறைத்ததற்காக ஏன் நீக்கக் கூடாது என்ற குறிப்பாணை வந்திருந்தது. மஞ்சள் பையிலிருந்து அந்தத் தாய் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவற்றில் ஒன்று, அந்த மறியல் வழக்கில் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று காவல் துறை அனுப்பியிருந்த அறிவிப்பு. அதாவது, உண்மையை எழுதியிருந்தால் எந்தப் பாதிப்பும் வந்திருக்க முடியாத ஒரு வழக்கு. அதை மறைத்ததால் உயர் நீதிமன்றம் வரை போய், இரண்டாண்டுகள் கழித்துத்தான் அவர் மீண்டும் வேலையில் சேர முடிந்தது. அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த விஷயத்தில் இன்றும் எல்லா நீதிமன்றங்களும் அடிப்படையாகக் கொள்வது 2016 ஜூலை 21ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவதார் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு. அரசு வேலைக்கான படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்பது அதன் தொடக்கம். சிறிய தன்மையுள்ள வழக்கு நிலுவையில் இருப்பதை ஒருவர் உண்மையாகத் தெரிவித்திருந்தால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு அவரை நியமிக்க வேலை தருபவருக்கு விருப்புரிமை உண்டு என்று அத்தீர்ப்பு சொல்கிறது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடவும் இடம் தருகிறது. மாறாக, பல வழக்குகள் நிலுவையில் இருப்பதை வேண்டுமென்றே மறைத்தால் அந்த ஒரு காரணமே போதும் என்கிறது. தன் மீது வழக்கு இருப்பது தெரியாமலேயே எழுதியவரை மறைத்தவர் என்று சொல்ல முடியாது; அந்த அறிவு அவருக்கு இருந்தது என்று காட்டப்பட வேண்டும். ஆனாலும், குற்றத்தின் தீவிரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை நியமிப்பவரிடம் இருக்கும்.

அதே தீர்ப்பில் உங்களுக்கு மிகவும் பயன்படும் இன்னொரு கூறு உண்டு. படிவத்தின் கேள்வி திட்டவட்டமாக இருக்க வேண்டும்; கேட்டதை மட்டுமே வெளிப்படுத்தக் கடமை உண்டு. ‘நீர் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று மட்டும் கேட்டால், நிலுவை வழக்குள்ளவர் ‘இல்லை’ என்று எழுதுவது உண்மையே. ‘நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்று கேட்டால், குற்றப்பத்திரிகை கோப்பில் எடுக்கப்படாத எஃப்.ஐ.ஆர். அந்தக் கேள்வியின் கண்டிப்பான பொருளுக்குள் வராது. ‘கைது செய்யப்பட்டதுண்டா’, ‘எஃப்.ஐ.ஆர். உண்டா’, ‘எந்தக் குற்ற வழக்கிலாவது சம்பந்தப்பட்டதுண்டா’ என்று கேட்டால் முடிந்துபோன வழக்கையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரே ஆள் மூன்று படிவங்களில் மூன்று விதமாக எழுதுவதும் மூன்றும் உண்மையாக இருப்பதும் நடக்கக்கூடியதே. இவ்வளவு சொன்ன பிறகும் என் சொந்தக் கருத்து, எல்லைக்கோட்டில் நிற்கும் கேள்வியில் ‘இல்லை’ என்று எழுதுவதைவிட, நிலைமையை இரண்டு வரியில் விளக்கிவிடுவதே நல்லது. சொல்லின் நுணுக்கத்தை வைத்து வழக்கில் வென்றுவிடலாம், ஆனால் வென்று முடிப்பதற்குள் இளமையின் இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும்.

காவலர் தேர்வு தனி. சீருடைப் பணிக்கு அளவுகோல் கடுமையானது என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) விதிப்படி, சரிபார்ப்பு நடக்கும் நேரத்தில் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருப்பவர் அந்த ஆள்சேர்ப்பில் தகுதி இழக்கிறார். பின்னர் அவர் மாசற்ற முறையில் விடுவிக்கப்பட்டாலோ வழக்கு பொருண்மைப் பிழை என்று முடிக்கப்பட்டாலோ, அடுத்த ஆள்சேர்ப்பில்தான் மீண்டும் கலந்துகொள்ள முடியும். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகிவிட்டதால் விடுவித்தாலும், அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை உறுதிசெய்திருக்கிறது. ஊரில் பெரியவர்கள் பேசி, ‘சாட்சி சொல்ல வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று புகார்தாரரைச் சம்மதிக்கவைத்து விடுதலை வாங்குவது நம் பக்கத்தில் வழக்கம். காவலர் வேலைக்குப் போக விரும்பும் பையனுக்கு அந்த விடுதலை உதவாது என்பது அந்தப் பெரியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வழக்கு எப்படி முடிகிறது என்பது, முடிகிறதா என்பதைப் போலவே முக்கியம்.

பாஸ்போர்ட் விஷயம் பயப்படும் அளவுக்குக் கடினமானதல்ல. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க வேண்டும் என்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆரும் காவல் துறை விசாரணையும் இதற்குள் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் அலுவலகக் குறிப்பாணை மூலம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சரிபார்ப்பில் எஃப்.ஐ.ஆரைக் குறிப்பிட்டுப் பாதகமாக அறிக்கை போனாலும், பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதும். அதற்குக் காலக்கெடுவுக்குள் ஆவணங்களோடு பதில் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அறிவிக்கையின்படி, வெளிநாடு செல்ல வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத் தருவார்கள். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருவதுதான் ஆபத்து, ஏனென்றால் 12ஆம் பிரிவின்படி அது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை தரக்கூடிய புதிய குற்றம். வளைகுடா வேலைக்குக் கேட்கும் காவல் துறை நற்சான்று தனி நடைமுறை. அதில் நிலுவை வழக்கு இருந்தால் சான்று கிடைப்பது கடினம்.

இப்போது உங்கள் வழக்கைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய விவரப்படி அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 பிரிவுகள். நம் மாவட்டத்துத் தெருச் சண்டைக்கு அச்சடித்தாற்போல் வரும் மூன்று பிரிவுகள் இவை. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351 என்று எண்கள் மாறியிருக்கும். நீங்கள் எழுதாமல் விட்டது, 506க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒன்றா இரண்டா என்பதை. அந்த ஓர் இலக்கத்தில் நிறைய இருக்கிறது. ஒன்று என்றால் அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டு. அப்படியானால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவின்படி, அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514ஆவது பிரிவின்படி, சம்பவம் நடந்து மூன்றாண்டுகளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் அதை மன்னித்தாலன்றி, அதன் பிறகு கோப்பில் எடுக்க முடியாது. அந்தக் காரணத்தை வைத்தே எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கலாம். இரண்டு என்றால், கொலைமிரட்டல் என்ற வகையில் ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமாகிவிடுவதால் இந்தக் காலவரம்பு பொருந்தாது.

ஆகவே முதல் வேலை எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்குவது. எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றுவது பற்றி மேலே சொன்ன 2016 செப்டம்பர் உத்தரவே, குற்றம்சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ விண்ணப்பித்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறை சான்றிட்ட நகல் தர வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள். அதில் உள்ள குற்ற எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி, குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு, பிடியாணை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிடியாணை இருந்தால் வழக்கறிஞர் மூலம் நீங்களே நீதிமன்றத்தில் நேரில் போய் அதை ரத்து செய்ய மனுப் போடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு அலுவலக வாசலில் காவலர் வந்து நிற்கும் நிலைக்கு விட வேண்டாம்.

இரண்டு தெருவும் இப்போது ஒற்றுமையாகிவிட்டது, ராஜியாகப் போய்விடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 323, 506 ஆகியவை ராஜியாகக்கூடிய பிரிவுகள், 294(பி) அப்படியல்ல. இந்த ஒரு பிரிவு சேர்ந்திருப்பதால் நடுவர் நீதிமன்றத்தில் ராஜி பேசி வழக்கை முழுவதுமாக முடிக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் புதிய நடைமுறைச் சட்டத்தின் 528ஆவது பிரிவின் கீழ் ரத்து மனுப் போட்டு, இரு தரப்பும் கூட்டு ஒப்பந்தம் தாக்கல் செய்ய வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் இப்படி ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2012லேயே தெளிவாக்கிவிட்டது. செலவும் அலைச்சலும் உண்டு என்பது உண்மை, ஆனாலும் ஏழு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும்.

வழக்கு முடிந்த பிறகு இணையத்தில் உள்ள பதிவு தானாக மறைந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘முடிக்கப்பட்டது’ என்று நிலை மாறும், பெயர் அங்கேயே இருக்கும். விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்க வேண்டும் என்று கேட்ட ஒரு வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் ஒருவர் தன் பெயரைத் தேடிப் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருப்பது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் சட்டம் அங்கே வந்து சேரும் வரை, இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலில் நான்கைந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 2020 ஊரடங்கில் வண்டியில் சென்றதற்காக வழக்கு வாங்கியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த வகை வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்தது, ஆனால் உங்கள் எண் உண்மையில் முடிக்கப்பட்டதா என்று தேடிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சம்பவத்தின்போது 18 வயது நிறையாதவர்களுக்கு மட்டும் நிலை வேறு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மிகக் கொடிய குற்றங்களில் 16 வயதைக் கடந்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு, அந்த வழக்கால் எந்தத் தகுதிக்குறைவும் வரக் கூடாது என்று காக்கிறது.

புதுச்சேரி நிறுவனத்தின் படிவத்தை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதன் ஒன்பதாவது கட்டம், உங்கள் மீது எஃப்.ஐ.ஆரோ குற்ற வழக்கோ உண்டா என்று நேராகவே கேட்கிறது. அதில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, ‘2022இல் ஊர்த் திருவிழாவில் இரு தரப்பினருக்கிடையே நடந்த தகராறு தொடர்பாக ஏழு பேர் மீது பதிவான எஃப்.ஐ.ஆரில் என் பெயரும் உள்ளது, அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டேன், நான் தண்டிக்கப்பட்டதில்லை, நகல் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி, குற்ற எண்ணையும் பிரிவுகளையும் நிலையத்தின் பெயரையும் சேருங்கள். குற்றப்பத்திரிகை வரவில்லை என்பதைத் தேடி உறுதிசெய்த பிறகு மட்டும், தேடிய தேதியோடு அதையும் சேருங்கள். தனியார் நிறுவனம் இதைக் காரணம் காட்டி வேலை தர மறுத்தால் அதைத் தடுக்கும் தனிச் சட்டம் கிடையாது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இவ்வளவு சிறிய வழக்கைத் தாங்களாகவே நகலோடு சொன்ன என் கட்சிக்காரர்கள் பலரை நிறுவனங்கள் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. படிவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலுக்கான விண்ணப்பத்தை நாளைக் காலையே கொடுத்துவிடுங்கள். நகல் வந்ததும், 506க்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணை முதலில் பார்த்து எனக்கு எழுதுங்கள்.